பரணா, நடையா, நாய் விரட்டா? புதுசா பன்னி வேட்டைக்குப் போறவன் எதுல சேர்றது

அக்கா மகனுக்குப் போன மாசந்தான் துப்பாக்கி லைசன்ஸ் கைக்கு வந்துச்சு. வந்த அன்னைக்கு ராத்திரியே செந்தூல் ஒட்டுக்கடையில உக்காந்து, தே தாரேக் ஆறி ஆடை கட்டுற வரைக்கும் ஒரே கேள்விதான்: "மாமா, மூணு கூட்டம் கூப்புடுறாங்க, எதுல போறது?" மூணுமே காட்டுப்பன்னி வேட்டைதான். ஒண்ணு, பத்தாங்காலி பக்கம் செம்பனை எஸ்டேட் ஓரத்துல பரண் கட்டி உக்கார்ற கூட்டம், அதுல நானும் இருக்கேன், அதனால எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன். ரெண்டாவது, அவன் கூட வேலை செய்யிற ஒருத்தன், கோல குபு பாரு பக்கம் தடம் பாத்து நடந்தே போறவன், ரெண்டே பேரு. மூணாவது பெந்தோங்ல ஒரு சீன தௌகே, அதான் மொதலாளி, நாய் பதினஞ்சு வச்சிருக்காரு, ஞாயித்துக்கெழம ஆனா பத்து பன்னெண்டு பேரு லாரியும் ஹைலக்ஸுமா திரண்டு போயி விரட்டுவாங்க.

மூணுலயும் பன்னி மாட்டும், அதப் பத்தி பேச்சே இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு முழுசா வந்து சேர்றது எதுல சுலபம், அதுதான் கணக்கு. அக்கா வேற போன் பண்ணி "நீதான்டா அவன கெடுக்கிற"ன்னு ஒரு பாட்டம் தீத்துட்டா. அதனால யோசிச்சு எழுதுறேன், அவனுக்கு மட்டும் இல்ல, இப்ப புதுசா போற பசங்க நெறைய பேரு இதையேதான் கேக்குறாங்க.

பேப்பர் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். துப்பாக்கிக்குப் போலீஸ் லைசன்ஸ், அது நம்ம மலேசியாவோட 1960 ஆயுதச் சட்டம். பன்னிக்குப் பெர்ஹிலித்தான், அதான் வனவிலங்கு இலாகா, குடுக்குற லைசன்ஸ், அது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ரிசர்வ் காட்டுக்குள்ள கால் வைக்கணும்னா ஃபாரஸ்ட்ரி பெர்மிட் தனி. எஸ்டேட்னா மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடுதாசி. மான் பக்கம் திரும்பியே பாக்காத, கண்ணி வைக்கிறவன் கூட சேராத. துப்பாக்கி யார் பேருலயோ அவன்தான் தொடணும், "மச்சான் ஒரு தடவ குடு"ங்கிற கதையெல்லாம் கெடையாது, லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா பல வருஷம் உள்ள போடலாம். இதெல்லாம் சட்டம்தானே, பத்திரமா இருக்குறதுக்கும் இதுக்கும் என்னன்னு கேக்கலாம். ரொம்ப சம்பந்தம் இருக்கு. கூட்டத்துல ஒருத்தன் பேப்பர் இல்லாம வந்திருந்தான்னு வையி, உன் தொடையில குண்டு பாஞ்சு கெடந்தாலும் அவன் 999க்கு அடிக்க யோசிப்பான். மொதல்ல துப்பாக்கிய எங்க ஒளிக்கிறதுன்னு பாப்பான், அப்புறம்தான் உன்னப் பாப்பான். அந்த பத்து நிமிஷம் போதும் உயிர் போறதுக்கு. அதனால எந்தக் கூட்டமா இருந்தாலும் மொதக் கேள்வி, எல்லாருக்கும் லைசன்ஸ் இருக்கான்னு. கேட்டா கோவிச்சுக்கிறவங்க கூடப் போகாத.

இப்ப விஷயத்துக்கு வருவோம். புதுசா போறவன் எல்லாம் பன்னியப் பாத்துப் பயப்படுறான், பாம்பப் பாத்துப் பயப்படுறான், கொஞ்சம் உள்ள போனா புலி இருக்குமான்னு கேக்குறான். புலி மொத்த தீபகற்ப மலேசியாவுக்கும் 150 கூட இல்லன்னு கணக்கெடுத்துச் சொல்லியாச்சு, நாம போற செம்பனை ஓரத்துல அதப் பாக்கறதுக்கு யோகம் வேணும். பயப்பட வேண்டியது கூட வர்றவன் கையில இருக்குற துப்பாக்கிக்கு. "பன்னின்னு நெனச்சு சுட்டேன்"ன்னு நம்ம ஊரு பேப்பர்ல அப்பப்ப சேதி வருதே, அதுல செத்தவனும் சுட்டவனும் முக்கால்வாசி ஒரே வண்டியில ஒண்ணா வந்தவங்க, அண்ணன் தம்பியாக்கூட இருப்பாங்க. சுட்டவன் கெட்டவன் இல்ல, அவசரப்பட்டவன். புதர் ஆடுச்சு, கறுப்பா என்னமோ அசஞ்சுது, சுட்டான்.

பன்னிக்கு நாம போடுறது 12 போர் துப்பாக்கியில எஸ்.ஜி. தோட்டா. ஒரு தோட்டாவுக்குள்ள ஒம்பது குண்டு, ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டர் சொச்சம். முப்பது மீட்டர்ல அது ஒரு மோட்டார் சக்கரம் அகலத்துக்கு விரிஞ்சிடும், பன்னி மேல நாலு படும், மிச்சம் அஞ்சு எங்க போகும்? அதுதான் கேள்வி. தூக்கி அடிச்சா அரைக்கிலோமீட்டர் வரைக்கும் போற சாமான் அது. அதனால நான் மூணு முறையையும் ஒரே ஒரு கேள்வியில வச்சுதான் பாக்குறேன்: சுடுற நேரத்துல மத்தவன் எல்லாம் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா, தப்புன குண்டு எதுல போயி நிக்கும்?

பரண எடுத்துக்குவோம். பதினஞ்சு அடி ஒசரத்துல உக்காந்திருக்க, பன்னி இருவது மீட்டர்ல வருது. துப்பாக்கி கீழ நோக்கி இருக்கு. தப்புன குண்டு பன்னிக்கு அந்தாண்ட ரெண்டு மூணு மீட்டர்ல மண்ணுக்குள்ள போயிரும். இது ஒண்ணுக்கே பரணுக்கு முக்கால் மார்க் குடுக்கலாம். அடுத்தது, ஆளு நகர மாட்டான். எங்க கூட்டத்துல நாலு பரண், ஒண்ணுக்கொண்ணு நானூறு மீட்டராவது தள்ளி, எது எந்தப் பக்கம் பாக்கணும், எந்தப் பக்கம் துப்பாக்கியத் திருப்பவே கூடாதுன்னு மொதல்லயே பேசி முடிவு பண்ணி கெளையில செவப்பு நாடா கட்டியிருக்கும். ஏறி உக்காந்துட்டா வாக்கிடாக்கியில "ஏறிட்டேன்", எறங்கும்போது "எறங்குறேன்". நடுவுல யாரும் கீழ எறங்கி ஒண்ணுக்குப் போறதுகூடக் கெடையாது, அதுக்கு ஒரு பாட்டில் இருக்கு, சிரிக்காதீங்க.

ஆனா பரணுக்குன்னு ஒரு எமன் இருக்கான், அதுதான் கீழ விழறது. அமெரிக்காவுல மரத்துல உக்காந்து வேட்டையாடுறவங்க நெறைய, அங்கயும் மரத்துல இருந்து விழறதுதான் பெரிய தலவலி, அதுலயும் மேல உக்காந்திருக்கும்போது விட ஏறும்போதும் எறங்கும்போதும்தான் அதிகம். எனக்கே நடந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி, மழை விட்ட சாயங்காலம், நாங்களே கட்டுன மூங்கில் ஏணி. பச்சையா இருக்கும்போது கட்டுனது, ரெண்டு மழைக்காலம் பாத்துருச்சு. ஏழாவது படியில கால வச்சேன், சத்தமே வரல, மூங்கில் ஒடஞ்சா டப்புன்னு கேக்கும்னு நெனப்போம்ல, உள்ள உளுத்துப் போனதுன்னா நனஞ்ச அட்டைப் பெட்டி மாதிரி அப்படியே அமுங்கிரும். நல்ல வேளை துப்பாக்கி முதுகுல இல்ல, கயித்துல கட்டி கீழயே விட்டிருந்தேன். கையி ரெண்டும் மேல் படியப் புடிச்சிருந்துச்சு, தொங்குனேன், தோள்பட்ட ஒரு மாசம் வலிச்சுது. துப்பாக்கிய மாட்டிக்கிட்டு ஏறியிருந்தா இத எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் மூங்கில் ஏணிக்கு முழுக்கு. அலுமினிய ஏணி, மரத்தோட பெல்ட் போட்டு கட்டுறது. தோட்டாவ எடுத்துட்டு, துப்பாக்கிய மடக்கித் தொறந்து வச்சு, கயித்துல கட்டி, நாம ஏறி உக்காந்த பெறகுதான் மேல இழுக்கறது, குழல் வாய் நம்மளப் பாத்த மாதிரி இழுக்கக் கூடாது. ஒடம்பு முழுக்கப் போடுற ஹார்னஸ், இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் வேணாம், அது விழுந்தா வயித்த ரெண்டா மடிச்சிரும். தரையிலயே மாட்டி, ஏறும்போதே ஒரு கயிறுல கோத்துக்கிட்டே ஏறணும், மேல போயி மாட்டிக்கலாம்னா விழற நேரத்துல அது பையிலதான் இருக்கும். இன்னொண்ணு ரொம்பப் பேருக்குத் தெரியாது: ஹார்னஸ்ல விழுந்து அசையாமத் தொங்கிக்கிட்டே இருந்தா ரத்தம் கால்லயே தேங்கி, கொஞ்ச நேரத்துல மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாயிரும். அதனால ஹார்னஸோட ஒரு கால் பட்டை வரும், அதுல மிதிச்சு நின்னு கால ஆட்டிக்கிட்டே இருக்கணும். அது இல்லாத ஹார்னஸ விலை கம்மின்னு வாங்காதீங்க.

பரணுக்கு ரெண்டாவது கொறை இடி. கேஎல், சிலாங்கூர் பக்கம் மத்தியானம் மூணு மணிக்கு மேல வானம் கறுக்கறது நமக்குப் புதுசா? உலகத்துலயே இடி அதிகமா விழற எடங்கள்ல இது ஒண்ணு. தனி மரத்து மேல இரும்புச் சாமானோட உக்காந்திருக்கிறவன் என்ன ஆவான்னு சொல்லத் தேவையில்ல. மொத இடிச் சத்தம் காதுல விழுந்தவொடனே எறங்கணும், பன்னி முன்னாடியே நின்னாலும் சரி. வண்டிக்குள்ள போயி கண்ணாடிய ஏத்திட்டு உக்காரு. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆகட்டும்.

மூணாவது கொசு. அசையாம உக்காந்திருக்கோம், அதுவும் சாயங்கால நேரத்துல, கொசுவுக்கு பந்தி போட்ட மாதிரி. டெங்கி இல்ல நான் சொல்றது, கொரங்கு மலேரியா. நோலெசின்னு பேரு, கேரா, பெரோக் கொரங்குக கிட்ட இருந்து காட்டுக் கொசு கொண்டு வருது. மனுசன்கிட்ட இருந்து மனுசனுக்குப் பரவுற மலேரியாவ நம்ம நாட்டுல 2018லேருந்து இல்லாம ஆக்கிட்டாங்க, ஆனா இந்தக் கொரங்கு மலேரியா இன்னும் காட்டுக்குப் போறவங்களுக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவ பெருகிடும், அதனால ரெண்டு நாள் பனடோல் போட்டுப் பாப்போம்னு இருந்தா கத முடிஞ்சிடும். காட்டுக்குப் போயிட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட மொத வார்த்தையே "காட்டுக்குப் போயிருந்தேன்"னு சொல்லணும், சொல்லலேன்னா அவரு டெங்கி டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு அனுப்பிருவாரு. நீளக் கை சட்டை, கொசு மருந்து. வாசனைக்குப் பன்னி ஓடிரும்னு மருந்து போடாம வர்ற ஆளு ஒருத்தரு எங்க கூட்டத்துல இருக்காரு, காத்து எதுத்தாப்புல அடிக்கிற பக்கமா பரண் இருந்தா பன்னிக்கு மோப்பம் போகாது, எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாரு.

சரி, நடை. தடம் பாத்து நடக்குறதுல ஒரு அழகு இருக்கு, அத மறுக்க மாட்டேன். பன்னி காலடி, மண்ணக் கிளறுன ஈரம், செம்பனைப் பழத்த மென்னு துப்புன சக்கை, சேத்துல பொரண்டுட்டு மரத்துல ஒரசுன தடம், இதெல்லாம் கத்துக்கணும்னா நடந்தாத்தான். பரண்ல உக்காந்தவனுக்கு இது பத்து வருஷம் ஆனாலும் வராது. ரெண்டே பேருங்கிறது நல்ல விஷயம், ஆனா அந்த ரெண்டு பேரும் எப்படி நடக்குறாங்கங்கிறதுல இருக்கு எல்லாமே. முன்னாடி போறவன் துப்பாக்கியில மட்டும் தோட்டா, பின்னாடி வர்றவன் துப்பாக்கி மடக்கித் தொறந்து கையில தொங்கணும். ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு முன்னப் பின்ன நடந்தா, வேர் தடுக்கி ஒருத்தன் விழுந்தா, குழல் இன்னொருத்தன் முதுகுக்கு நேரா இருக்கும். விழுந்து கெடக்குற மரம், வாய்க்கா, முள்ளுவேலி எதத் தாண்டுறதா இருந்தாலும் தோட்டாவ எடுத்துட்டுத்தான். பிரிஞ்சு போயி ரெண்டு பக்கமும் வளைக்கலாம்னு எவனாவது சொன்னா, அங்கயே நிறுத்திட்டு வீட்டுக்குக் கெளம்பிடு. நான் மேல சொன்ன பேப்பர் சேதிகள்ல பாதி இந்த "நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் வர்றேன்"ல ஆரம்பிக்கிறதுதான்.

எஸ்டேட்ல நடக்குறதுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு. செம்பனை நடுறது ஒம்பது மீட்டர் இடைவெளியில முக்கோணமா, அதனால நீ நிக்கிற எடத்துல இருந்து சில பக்கம் பாத்தா நேரா தெருவு மாதிரி முன்னூறு மீட்டர் தெரியும், ஒரு அடி தள்ளி நின்னா ஒண்ணுமே தெரியாது, மரமா மறைக்கும். அந்த மறைவுல பழம் வெட்டுறவங்க இருப்பாங்க, இந்தோனேசியாக்காரன், பங்களாதேஷ்காரன், தள்ளுவண்டியத் தள்ளிக்கிட்டு சத்தமே இல்லாம வருவாங்க, விழுந்த உதிரிப் பழத்தப் பொறுக்குறவங்க குனிஞ்சு ஒக்காந்திருப்பாங்க, அரக்கு நெறச் சட்டை. தரையில சுடுற குண்டு பரண்ல இருந்து சுடுற மாதிரி மண்ணுக்குள்ள போகாது, செம்மண்ணு காஞ்சு சிமெண்டு மாதிரி இருக்கும், பட்டு எகிறி எங்க போகும்னு சொல்ல முடியாது. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி எஸ்டேட் வேலைய மேற்பாக்குற தண்டல்கிட்ட போயி இன்னைக்கு எந்த ப்ளாக்குல வெட்டு, எந்த ப்ளாக்குல மருந்தடிக்கிறாங்கன்னு கேளு. வெட்டு இல்லாத நாளா பாத்துப் போறது இன்னும் நல்லது. மேடு, ஆத்தங்கரை மண் சுவர் இதுக்கு முன்னாடி நிக்கிற பன்னிய மட்டும் சுடு, மேட்டு உச்சியில வானம் தெரியிற மாதிரி நிக்கிறத விட்டுடு, அடுத்த பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது.

அப்புறம் கரண்டு கம்பி. மரவள்ளி, வாழை போட்டிருக்கிற சின்னத் தோட்டக்காரங்க சில பேரு பன்னிக்குன்னு வீட்டுக் கரண்டையே இழுத்து முழங்கால் ஒசரத்துல கம்பி கட்டிடுறாங்க. சட்ட விரோதம்தான், ஆனா கட்டுறாங்க, ஆளு செத்துப்போறதும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. புல்லுக்குள்ள மெல்லிசா கம்பி தெரிஞ்சா, கட்டையில பாட்டில் கழுத்த மாட்டிக் கம்பிய சுத்தியிருந்தா, அந்தப் பக்கமே போகாத. மழை நேரத்துல தோட்ட ஓரத்துல நடக்கறதே வேணாம். கால்ல ரப்பர் பூட்ஸ் இருந்தா பாம்புக்கு ஆச்சு. இங்க கவனிக்க வேண்டியது நாகத்த விட ஊலார் காப்பாக் போடோங்கிற விரியன் பாம்புதான், வடக்க கெடா, பினாங்கு பக்கம் பால்மரத்துக் காட்டுல நெறையா. மலாய்க்காரங்க அதுக்கு "முட்டாப் பாம்பு"ன்னு பேரு வச்சது சும்மா இல்ல, நாகம் காலடிச் சத்தம் கேட்டா நகந்துரும், இது காஞ்ச எல கலர்ல அப்படியே சுருண்டு கெடக்கும், நகராது, கிட்ட போனாலோ மிதிச்சாலோ கடிச்சிரும். கடிச்சா கயிறு கட்டாத, கீறாத, உறியாத, கடிபட்ட கால அசைக்காம வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

நடையில இன்னொரு பெரிய ஆபத்து அடிபட்ட பன்னி. பரண்ல இருந்து சுட்டாலும் கடைசியில எறங்கித் தேடித்தான் ஆகணும், அதனால இது ரெண்டுக்கும் பொது. சுட்டவொடனே பின்னாடியே ஓடாத. அரை மணி நேரம் உக்காரு, தண்ணி குடி. ரத்தம் எங்க விழுந்திருக்குன்னு பாத்து மெதுவா போ, அதுவும் லாலாங் புல்லு, ரெசாம் பெரணிப் புதருக்குள்ள நொழஞ்சிருந்தா தனியா போகவே போகாத. ஆம்பளப் பன்னியோட கோரப்பல்லு மேல் நோக்கித்தான் கிழிக்கும், நம்ம ஒசரத்துக்கு அது தொடையில வந்து படும், தொடையில ஓடுற பெரிய ரத்தக்குழாய் அறுந்தா நிமிஷக் கணக்குதான். அதனாலதான் எல்லாரும் பையில ஒரு டோர்னிக்கே, அதான் ரத்தத்த நிறுத்த முறுக்கிக் கட்டுற பட்டை, வச்சிருக்கணும்னு நான் புடிவாதமா சொல்றது. பாம்புக் கடிக்கு கட்டக்கூடாது, இதுக்குக் கட்டியே ஆகணும், காயத்துக்கு மேல, கவட்டு கிட்ட, வலியில கத்துனாலும் ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கு, கட்டுன நேரத்த நெத்தியிலயே பேனாவுல எழுது. ஒத்தக் கையால கட்டிப் பழகு, வீட்டுல டிவி பாக்கும்போதே பழகலாம்.

இப்ப நாய். இதப் பத்தி பேச்ச எடுத்தாலே அக்கா மகன் கண்ணுல ஒரு வெளிச்சம் வந்துருது, எனக்கும் அந்த வயசுல வந்துச்சு. நாயி கொலைக்கிற சத்தம் பள்ளத்துல இருந்து எழும்பி வரும்போது முதுகுல ஒரு சிலிர்ப்பு ஓடும் பாருங்க, அதுக்கு ஈடே கெடையாது. ஆனா என்னோட கேள்விய இதுல வச்சுப் பாருங்க. பன்னெண்டு பேரு. நாலு பேரு நாய்களோட உள்ள ஓடுறாங்க, எட்டுப் பேரு சுத்தி நிக்கிறாங்க. பன்னி ஓடுற பக்கமெல்லாம் நாயி ஓடுது, நாயி பின்னாடி ஆளு ஓடுறான். சுடுற நேரத்துல மத்த பதினொரு பேரும் எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்குமே தெரியாது. பன்னி உனக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்கும் நடுவுல பூந்து ஓடும்போது உன் துப்பாக்கி அதோடயே திரும்பும், அதுவா திரும்பும், நீ திருப்ப வேணாம், அந்தத் திருப்பத்துல அடுத்தவன் இருப்பான்.

ஒரு தடவ பெந்தோங்குக்கு நான் போயிருக்கேன், துப்பாக்கி இல்லாம, சும்மா பாக்க. ஞாயமாச் சொல்லணும்னா அந்த தௌகே கில்லாடி. காலையில ஏழு மணிக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு தோட்டாவ எண்ணிக் குடுத்தாரு, ஆளுக்கு நாலு, சாயங்காலம் மிச்சத்தையும் காலிக் கூட்டையும் எண்ணி வாங்கினாரு. ஆரஞ்சு சட்டை போடாதவன வண்டியில இருந்து எறங்கவே விடல. நின்ன எடத்துல வலதுக்கும் எடதுக்கும் ஒரு கம்பு நட்டு, அந்த ரெண்டு கம்புக்கு நடுவுல மட்டும்தான் சுடணும், அதத் தாண்டி பன்னி போனா வேடிக்க பாருன்னுட்டாரு. நாயி பன்னிய மடக்கிட்டா யாரும் சுடக்கூடாது, அவரே போயி ஈட்டியால முடிப்பாரு. இவ்வளவு இருந்தும் மத்தியானம் ஒரு வெடிச் சத்தத்துக்கு அப்புறம் என் தலைக்கு மேல எல கிழிஞ்சு ரெண்டு மூணு துணுக்கு பொலபொலன்னு விழுந்துச்சு. காத்து இல்ல, கொரங்கு இல்ல. கையில இருந்த பிஸ்கட்ட மெல்லாமயே வாயில வச்சுக்கிட்டு நின்னேன். சாயங்காலம் தௌகே அந்த ஆள அனுப்பிட்டாரு, திரும்பிக் கூப்புடல. நல்ல தலைவன் இருந்தா நாய்க்கூட்டம் கூட, ரெண்டு அவசரக்குடுக்கைக நடந்து போறத விடப் பத்திரம்தான், அத நான் ஒத்துக்கறேன். ஆனா தலைவன் நல்லவனா இல்லையான்னு புதுசா போறவனுக்கு எப்படித் தெரியும்? எல கிழிஞ்ச பெறகுதான் தெரியும்.

நாய்க்கூட்டத்துல ஒரு நல்லது இருக்கு, அதச் சொல்லாம விட்டா தப்பு. அடிபட்டா தூக்க ஆளு இருக்கு. நடையில ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் ஒத்தையா எழுபது கிலோவ எப்படி இழுத்துட்டு வருவான், போனும் எடுக்காத பள்ளத்துல? அங்க பன்னெண்டு பேரு, நாலு வண்டி. நாய்க்கு அடிபட்டாலே குடல உள்ள தள்ளி ஊசி நூலால தைக்கிற ஆளு இருக்கான், பாத்தேன். ஆனா ரத்தத்துல பொழங்குறதும் அங்கதான் அதிகம். கையில கீறல் இருந்தா கையுறை போடாம பன்னிய அறுக்காத. தேங்குன தண்ணியில கழுவாத, எலி மூத்திரக் காய்ச்சல் அதுலதான் வரும். ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சல் 2021ல நம்ம நாட்டுக்குள்ள வந்துருச்சு, 2023ல பினாங்கு பண்ணைங்க வரைக்கும் போச்சு, மனுசனுக்கு ஒட்டாது, ஆனா நம்ம பூட்ஸ் மண்ணுல ஒட்டிக்கிட்டு இன்னொருத்தன் பண்ணைக்குப் போகும், அதனால பூட்ஸ்ஸையும் கத்தியையும் அங்கயே கழுவிட்டு வா. செத்துக் கெடக்குற பன்னியத் தொடாம பெர்ஹிலித்தானுக்குச் சொல்லிடு. எறைச்சிய நல்லா வேக வச்சுச் சாப்புடு, செவப்பு தெரியக் கூடாது.

ஆரஞ்சு சட்டை போட்டா பன்னி பாத்துரும்னு நம்மாளுங்க கறுப்பு டீ-சர்ட்டுல வர்றாங்க, பன்னி கலர்லயே. பன்னி கண்ணுக்கு ஆரஞ்சு நம்ம கண்ணுக்குத் தெரியற மாதிரி பளிச்சுன்னு தெரியாது, அதுக்குத் தெரியறது அசைவும் வாசனையும்தான். ரோட்டு வேல செய்யிறவங்க போடுற ஆரஞ்சு சட்டை ஹார்ட்வேர் கடையில பத்து பதினஞ்சு வெள்ளிக்குக் கெடைக்குது, மூணு முறைக்கும் அது வேணும், பரண்ல இருந்து எறங்கி நடக்கறப்ப முக்கியமா.

அதனால அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. மொத ஆறு மாசம் பரண். ஆனா எங்க பரண்ல, புது ஏணி, புது ஹார்னஸ், மொத நாலு தடவ நான் பக்கத்துலயே உக்காருவேன், தோட்டா என் பையில இருக்கும், பன்னியத் தலையில இருந்து வால் வரைக்கும் முழுசாப் பாத்து "பொண்ணா ஆணா, பின்னாடி என்ன இருக்கு"ன்னு என் காதுல சொன்னாத்தான் குடுப்பேன். சிரிச்சான், இருந்தாலும் சரின்னுட்டான். அப்புறம் கோல குபு பாரு சிநேகிதன் கூட நடக்கட்டும், ஆனா மொதல்ல துப்பாக்கி இல்லாம ரெண்டு தடவ போயி, அவன் வேலி தாண்டும்போது தோட்டாவ எடுக்குறானான்னு பாத்துட்டு வரட்டும். எடுக்கலேன்னா அந்த சிநேகிதத்த ஒட்டுக்கடையோட நிறுத்திக்கலாம். பெந்தோங்குக்கு ஒரு வருஷம் ஆகட்டும், அதுவும் மொதல்ல லாரி கிட்ட நின்னு தண்ணி ஊத்துற வேலதான், தௌகே கிட்ட நானே பேசுறேன்.

ஆறரைக்கெல்லாம் செம்பனைக்குள்ள இருட்டிரும், வெளிய ரோட்டுல வெளிச்சம் இருந்தாலும், அதனால ஆறு மணிக்கு எல்லாரும் எறங்கிறணும், எட்டு மணிக்குள்ள நான் போன் பண்ணலேன்னா தண்டலுக்கும் அப்புறம் 999க்கும் அடிக்கச் சொல்லி, எந்த ப்ளாக், எந்த கேட்டு, வண்டி நம்பர் எல்லாம் எழுதி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டியாச்சு. அக்கா அதப் படிச்சுட்டு இன்னும் ஒரு பாட்டம் திட்டுனா. ஹார்னஸ் வந்துருச்சு, விசில் என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ண அவனுக்குக் குடுத்துட்டேன். வர்ற சனிக்கெழம மழை இல்லேன்னா ஏணியில ஏறி எறங்கிப் பழகப் போறோம், துப்பாக்கி வீட்டுலயே பூட்டி இருக்கும்.